நாவல் விதை விழாவுக்குக் காத்திராது!

தோழர்களே! மேகமலைச் சாரலிலும் கம்பம் பள்ளத்தாக்கின் ஓடைக்கரைகளிலும் வளரும் நாவல் மரத்தை நம்மில் எத்தனை பேர் அடையாளம் காண்போம்? எதிரெதிராய் அமைந்த தடித்த, பளபளப்பான இலை, கசக்கினால் மணம், ஆனி, ஆடியில் கருநீலக் கனி, தின்றால் நாக்கில் ஊதா நிறம். காட்டில் அதனையொத்த இனமரங்கள் பல உண்டு. ஐயமிருந்தால் வாயில் வைக்காதீர்கள். பளியர் தோழரைக் கேளுங்கள். அவர் அறிவு ஏட்டறிவுக்கு இளைத்ததன்று.

வழிவழியாய்ச் சேகரித்து வந்த சிறு வனப்பொருள்களை எடுக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அம்மக்களுக்கு உரிமை தந்தது. சட்டம் ஏட்டில் இருந்தால் போதுமா? காட்டில் மரமும் இருக்க வேண்டாமா?

மரம் நடுவிழாக்களைப் பார்க்கிறோம். மாலை, மேளம், புகைப்படம்! நாவல் விதையோ விழாவுக்குக் காத்திராது. சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழந்துவிடும். ஆகவே கனி தின்ற கையோடு கொட்டையைக் கழுவி நாற்றுப் பையில் ஊன்றுங்கள். ஒரே கொட்டையில் பல முளைகள் எழும், வலியதை நிறுத்துங்கள். மறு ஆண்டு மழையில் ஓடைக்கரையிலும் ஊர்ப் பொதுநிலத்திலும் நடுங்கள்.

விதைக்கன்று காய்க்க 8 முதல் 10 ஆண்டுகள் ஆகும். அதுவரை வேலியிட்டு, நீர் ஊற்றிக் காப்பது நம் கிளைத் தோழர்களின் கடமை. நட்டவர் தின்னாவிடினும் நாட்டார் தின்னட்டும்!