ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

என் மாமனார் 1984-ல் வாங்கிய மஹிந்திரா ஜீப் இப்போது எங்கள் வீட்டு வாசலில் நிற்கிறது. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் சின்னக் காபித் தோட்டத்துக்குப் போக அதுதான் வண்டி. தார் ரோடு முடிந்த பிறகு வரும் மண்பாதையில், மழைக்காலத்தில் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி மட்டுமே ஏறும்.

அந்த ஜீப்புக்கு ஒரு வியாதி இருந்தது. 45 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிடும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் உதறல் நிற்கும். ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொன்று செய்தார்கள். டயர் மாற்றினார்கள், அலைன்மென்ட் பார்த்தார்கள், ஸ்டியரிங் பெட்டியை இறுக்கினார்கள். ஒரு வாரம் அடங்கியிருந்துவிட்டு உதறல் திரும்ப வரும்.

போன வருஷம் ஒருநாள் மனைவி சொன்னாள். "என்னங்க, இந்த வண்டியை வித்துடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்கப்பா வண்டியாச்சே?"

"அதனாலதான் சொல்றேன். எங்கப்பா வண்டி யாரையாவது கொன்னுடுச்சுன்னு பேர் வரக் கூடாது."

இரண்டு வருஷமாக அவள் தோட்டத்துக்கு வரவில்லை. முழங்கால் வலி என்று நான் நினைத்திருந்தேன். கொண்டை ஊசி வளைவில் ஒருமுறை வண்டி உதறி, பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது. அன்றிலிருந்துதான் அவள் வருவதில்லை என்று அப்போதுதான் புரிந்தது. நான் அந்தச் சம்பவத்தையே மறந்திருந்தேன்.

"ஒரு மாசம் டைம் குடு" என்றேன்.

எங்கள் தெருக்கோடியில் எழுபது வயது மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். இப்போது பட்டறை நடத்துவதில்லை. அவர் வந்து முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கச் சொன்னார். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து அசைத்தார். 'டொக் டொக்' என்றது. "பாப்பா, பிரேக்கை மிதிச்சுப் பிடி" என்றார் என் மகளிடம். மறுபடி அசைத்தார். அப்போதும் 'டொக் டொக்'.

"பிரேக் மிதிச்சதும் ஆட்டம் நின்னா சக்கர பேரிங். நிக்கலைன்னா அதுக்கு உள்ளே, கிங் பின் பேரிங். தம்பி, இத்தனை வருஷம் வயித்துவலிக்குத் தைலம் தேச்சிருக்கீங்க."

வில்லிஸ் வழியில் வந்த பழைய ஜீப்புகளின் முன் ஆக்சில் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆக்சில் குழாயின் இரண்டு முனையிலும் ஓர் இரும்பு உருண்டை. அதன்மேல் தொப்பி போட்டதுபோல் இன்னொரு கூடு. அதற்கு நக்கிள் என்று பெயர். மேலும் கீழும் இருக்கும் இரண்டு சின்ன பேரிங்குகளில் அந்தக் கூடு திரும்புவதால்தான் சக்கரம் திரும்புகிறது. அவைதான் கிங் பின் பேரிங்குகள். உருண்டைக்குள்ளே சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட், ஜாயின்ட்டோடு எண்ணெயில் நனைந்தபடி ஓடும். எண்ணெய் வெளியே வராமல், மண் உள்ளே போகாமல் காப்பது உருண்டையைச் சுற்றியுள்ள சீல். அது தேய்ந்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வெளியேறும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. உள்ளே பேரிங் காய்ந்துபோகும்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையை முடித்தோம். நாங்கள் செய்த தவறுகளையும் சேர்த்தே சொல்கிறேன். உங்களில் யாராவது செய்தால் உதவும்.

முதல் தவறு முதல் ஐந்து நிமிடத்திலேயே நடந்தது. இடது சக்கர நட்டைக் கழற்ற முழு பலத்தோடு மிதித்தேன். போல்ட் முறிந்தது. பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இடது பக்கச் சக்கர நட்டுகளுக்குத் தலைகீழ் மரை இருக்கும். கழற்றுவதாக நினைத்து இறுக்கியிருக்கிறேன்!

பின்சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வைத்தோம். முன் ஆக்சிலை இரும்பு ஸ்டாண்டுகளில் உட்கார வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். பிரேக் தூசியை ஊதித் தள்ளவும் வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டோம்.

ஹப், சக்கர பேரிங், ஸ்பிண்டில், ஷாஃப்ட் என்று வரிசையாகக் கழற்றினோம். பிரேக் தட்டை அதன் ஹோஸில் தொங்கவிடாமல், கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தோம். மகள் ஒவ்வொரு படியையும் செல்போனில் படம் எடுத்தாள். கழற்றியவை இடது தனி, வலது தனி என்று இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் போயின. தட்டுகள் சமையலறைக்குத் திரும்பவில்லை என்பது தனிக் கதை.

நக்கிளைத் திறந்தோம். எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் குழம்பு. கிங் பின் பேரிங்கின் கப்பில் ஒவ்வொரு உருளையும் உட்கார்ந்த இடத்தில் நகத்தால் கீறியதுபோல் பள்ளம். சக்கரம் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், உருளைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி விழுந்த தழும்பு அது. விரல்நுனி அளவு பள்ளம்கூட இல்லை. அதுதான் முழு வண்டியையும் உதற வைத்திருக்கிறது.

மதுரையில் பேரிங் கடைக்காரர் வண்டி பெயரைக் கேட்கவில்லை. பேரிங்கில் பொறித்திருந்த எண்ணைக் கேட்டார். எங்களுடையது கோன் 11590, கப் 11520. பழைய பேரிங்கைத் துடைத்துக் கையோடு கொண்டுபோவது நல்லது. பேரிங்கை மாற்றும்போதே சீல்களையும் புதிதாகப் போட்டோம்.

இரண்டாவது தவறு ஷிம்மில். கிங் பின் மூடிக்கு அடியில் காகிதம்போல் மெல்லிய தகடுகள் இருக்கும். அவைதான் ஷிம். ஒன்றை எடுத்தால் பேரிங் இறுகும், ஒன்றைச் சேர்த்தால் தளரும். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்திருந்த நான் தகடுகளை எடுத்துக்கொண்டே போனேன். "இறுக்கமா இருந்தா ஆடாதுல்ல?"

அளக்கச் சொன்னது மகள். பழைய பேப்பர் வாங்க வருபவரிடம் இருக்குமே, கொக்கி போட்ட ஸ்பிரிங் தராசு, அதேதான் கருவி. டை ராடு மாட்டும் ஓட்டையில் கொக்கியைப் போட்டு, சீல் மாட்டாத நிலையில் நக்கிளை இழுக்க வேண்டும். வில்லிஸ் கையேட்டில் உள்ள அளவு 12 முதல் 16 பவுண்டு, அதாவது சுமார் ஐந்தரை முதல் ஏழு கிலோ. எங்களுடையது 12 கிலோவைத் தாண்டியது.

"இருக்கட்டும் விடு" என்றேன்.

அண்ணன் திண்ணையிலிருந்தே சொன்னார். "ரொம்ப இறுக்கினா வளைவுல திருப்பின ஸ்டியரிங் தானா நேராகாது தம்பி. புது பேரிங்கும் சீக்கிரம் போயிடும். தளர்ந்தது மட்டும் தப்பில்ல, இறுகினதும் தப்புதான்."

ஒரு தகட்டைத் திரும்பச் சேர்த்தோம். 8 கிலோ. இன்னொன்று. ஆறரை. மகள் தராசைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பத்தடி தள்ளி அடுப்படியில் இருந்த அம்மாவுக்கு!

சக்கர பேரிங்குக்கும் இதே நியாயம்தான். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை அது பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, பூட்டு வாஷரை மடித்தோம். நக்கிளுக்குள் எண்ணெய் விட்டோம். கடைசியில் அண்ணன் ஒவ்வொரு போல்ட்டையும் பிரேக்கையும் தானே ஒருமுறை சோதித்தார். வீட்டு வேலை எவ்வளவு கவனமாகச் செய்தாலும், அனுபவப்பட்ட ஒரு கண் பார்க்காமல் மலை ஏற வேண்டாம்.

முதலில் நானும் அண்ணனும் சித்தரேவு வரை போய் வந்தோம். 45, 50, 55. பள்ளத்தில் இறக்கினேன். 'தடக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். 500 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி தூக்கி அசைத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை.

அதன் பிறகுதான் மனைவியைக் கேட்டேன். "தோட்டத்துக்கு வர்றியா?"

"சாவியைக் குடுங்க" என்றாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் அப்பாவிடம் ஓட்டக் கற்ற வண்டி அது. வளைவுகளில் அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அந்தப் பழைய கொண்டை ஊசி வளைவு வந்தது. திருப்பினாள். ஸ்டியரிங் அவள் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேரானது. எட்டு மாதத்துக்கும் மேல் ஆகிறது, அந்த இடத்தில் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

தோட்டத்தில் இறங்கியதும் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏங்க, களை இவ்வளவு மண்டிக் கிடக்கு. இதை எப்ப எடுக்கப் போறீங்க?"