கதைப் புத்தகம் சோறு போடுமா?

"கதைப் புத்தகம் சோறு போடுமா?" பிழைக்க வந்த ஊரில் நாவலும் கையுமாக உட்கார்ந்திருப்பவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். அலுவலகத்தில் எதிர் மேஜைக்காரர் கேட்பார். அவர் கொஞ்சம் அதிகம் படித்தவராக இருந்தால், "படிப்பதுதான் படிக்கிறீர், நல்ல இலக்கியமாகப் படிக்கக் கூடாதா? இந்த மலிவு நாவலில் என்ன இருக்கிறது?" என்று இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கொள்வார்.

சோறு போடாது என்பது உண்மைதான். கிரிக்கெட்டும் சினிமாவும்கூடச் சோறு போடுவதில்லை. செல்போனை மணிக்கணக்கில் தேய்த்துக் கொண்டிருப்பதும் சோறு போடுவதில்லை. அவற்றைப் பற்றி யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்தவரிடம் மட்டும் கணக்குக் கேட்கிறோம்.

கர்நாடகத்தில் வாழும் தமிழர்கள் கதை படிப்பதை விட்டுவிடக் கூடாது. இன்னும் அதிகமாகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே வகைக் கதையைத் திரும்பத் திரும்பப் படிக்காமல் பல வகைக் கதைகளைப் படிக்க வேண்டும். தமிழோடு நின்றுவிடாமல் மற்ற இந்திய மொழிக் கதைகளையும் படிக்க வேண்டும். அதற்கான காரணங்களைக் கூறுகிறேன்.

எழுதியவர்கள் யார்?

மலிவு நாவல் எழுதுகிறவர்கள் வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உண்மை வேறு.

கணேஷ், வசந்த் என்ற இரு வக்கீல்களைத் தமிழ் வாசகர் மனதில் உட்கார வைத்த சுஜாதா, நம் பெங்களூரில் ஜாலஹள்ளி பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பொறியாளர். இன்று நாம் ஓட்டுப்போடும் மின்னணு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் அவருக்கும் பங்கு உண்டு. தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொழிற்சாலை நமக்கெல்லாம் தெரியும். அதே நிறுவனத்தில், தில்லியில் வேலை பார்த்துக் கொண்டே இந்தியில் ஏறத்தாழ 300 துப்பறியும் நாவல்களை எழுதியவர் சுரேந்தர் மோகன் பாடக். பாலகுமாரன் டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்தவர். மலையாளத்தின் கோட்டயம் புஷ்பநாத் பள்ளி ஆசிரியர். தெலுங்கின் எண்டமூரி வீரேந்திரநாத் கணக்குத் தணிக்கையாளர்.

பகலெல்லாம் ஆபீஸ் வேலை, கிடைத்த நேரத்தில் எழுத்து என்று வாழ்ந்தவர்கள் இவர்கள். சம்பளத் தேதி, மேலதிகாரியின் முகம், மாறுதல் உத்தரவு எல்லாம் பார்த்தவர்கள். அதனால்தான் குமாஸ்தாவும் தொழிலாளியும் அவர்கள் எழுத்தில் ஒட்டிக் கொள்கிறார்கள்.

தமிழ் நிற்பது எதனால்?

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அதன் பிறகு அங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ஏறுகிறவர்கள் இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். போக ஒரு இரண்டு மணி, வர ஒரு இரண்டு மணி என்று நாளில் நான்கு மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. அந்தப் பெட்டிகளில் முன்பெல்லாம் ஒரு நாவலைப் பத்துப் பேர் கை மாற்றிப் படிப்பார்கள். அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போய், கொலைகாரன் யார் என்பதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிந்து கொள்வார்கள். இன்று அந்தக் கைகளில் செல்போன் இருக்கிறது.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

இங்கே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிக்கிறார்கள். தமிழ் வீட்டில் பேசும் மொழியாக மட்டும் நிற்கிறது. அம்மா பேசினால் புரிகிறது. பதில் சொல்லவும் தெரிகிறது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை பெயரைப் படிக்கத் தெரியவில்லை. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இப்படிப்பட்ட வீடுகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

இந்தப் பிள்ளையின் கையில் எடுத்த எடுப்பில் பேரிலக்கியத்தைக் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடும். அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவரை அடுத்த வரிக்கு இழுத்துக் கொண்டு போகும். சின்னச் சின்ன வாக்கியம், நிறைய உரையாடல், கையடக்கமான அளவு. 1969-ல் தொடங்கிய ராணிமுத்து, பின்னர் வந்த மாலைமதி, பாக்கெட் நாவல் போன்ற மாத நாவல்கள் இதைத்தான் செய்தன. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள்கூட அவற்றால் சரளமாகத் தமிழ் படிக்கப் பழகினார்கள். மாநாடுகள் போட்டு வளர்க்க நினைக்கும் தமிழைச் சத்தமில்லாமல் வளர்த்தவை இந்தப் புத்தகங்கள். இதை மறுப்பதற்கில்லை.

ஒரே பெட்டியில் ஏறாதீர்கள்

ஆனால் நம் வாசகர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துப்பறியும் கதை படிக்கிறவர் அதை மட்டும் படிப்பார். குடும்பக் கதை படிக்கும் பெண்கள் அதைத் தாண்ட மாட்டார்கள். சரித்திரக் கதை பிரியர் ராஜா ராணியை விட்டு இறங்க மாட்டார். முன்பதிவு செய்த பெட்டி போல அவரவர் இடத்தில் அவரவர். இது கூடாது. ஒவ்வொரு வகையும் ஒவ்வொன்றைக் கொடுக்கிறது.

துப்பறியும் கதை நம்மைக் கேள்வி கேட்கப் பழக்குகிறது. எவன் சொல்வதையும் உடனே நம்பாதே, சாட்சி எங்கே என்று பார் என்கிறது. 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய ராஜேஷ்குமாரைப் படிக்கிறவர் ஆய்வுக்கூடம், விஷம், கைரேகை பற்றியெல்லாம் நாலு விஷயம் தெரிந்து கொள்கிறார். சீட்டுக் கம்பெனிக்காரர்களும் போலி வேலை ஏஜெண்டுகளும் ஏழைத் தொழிலாளியைத் தேடி வரும் இந்தக் காலத்தில் சந்தேகப்படும் புத்தி நமக்கு அவசியம் தேவை.

குடும்பக் கதை வேறொன்றைத் தருகிறது. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' குடியால் அழியும் ஒருவனைப் பற்றியது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் நம் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு அது தேவையான கதை! பத்துப் பிரசங்கம் செய்யாததை ஒரு கதை செய்துவிடும்.

லாரிகளையும் அவற்றோடு பிழைப்பவர்களையும் பற்றிப் பாலகுமாரன் 'இரும்புக் குதிரைகள்' எழுதினார். நாம் பார்க்கும் வேலையும் கதையாகத் தகுதியுள்ளது என்பதை அதைப் படிக்கும் தொழிலாளி உணர்கிறார். சாண்டில்யனும் கல்கியும் பழைய காலத்துக்குக் கூட்டிச் செல்கிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' 2022, 2023-ம் ஆண்டுகளில் திரைப்படமாக வந்தபோது, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூட அந்தக் கதையைக் கேட்டு அப்பாவை நச்சரித்தார்கள். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' எந்திர நாயைப் பேச வைத்தது. அதை எழுதிய காலத்தில் கற்பனையாக இருந்தவற்றில் சில இன்று வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன.

குறை இல்லையா?

உண்டு. கண்ணை மூடிக் கொண்டு பாராட்டச் சொல்லவில்லை. பல நாவல்களில் பெண் அழகாக இருப்பாள், அழுவாள், கொலையாவாள், வேறு வேலை இருக்காது. அறைகிற கணவனைக் கடைசி அத்தியாயத்தில் மன்னித்துவிடுவாள். போலீஸ்காரர் சந்தேகப்பட்டவனை அடித்து உண்மையை வரவழைப்பார். அது சரி என்பது போலவே எழுதியிருக்கும். பில்லி சூனியக் கதைகளைப் படித்துவிட்டு மந்திரவாதியைத் தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான குறை ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கதையில் திருடன் யார்? பல சமயம் வெளியூர்க்காரன்தான். தமிழ்க் கதையில் அவன் வடநாட்டுக்காரனாக இருப்பான். வேறு மொழிக் கதைகளிலும் படங்களிலும் அவன் கறுத்த தமிழனாக, நெற்றியில் பட்டை போட்டுக் கொண்டு, அந்த ஊர் மொழியைக் கொச்சையாகப் பேசுவான். பிழைக்க வந்தவர்களாகிய நமக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பது தெரியும். அப்படியானால் நம் மொழிக் கதையில் பீகார் இளைஞனைத் திருடனாகக் காட்டும்போதும் நமக்கு உறுத்த வேண்டும். நேற்று நாம் மூட்டையோடு வந்து இறங்கிய அதே பிளாட்பாரத்தில்தான் இன்று அவன் இறங்குகிறான்.

குறை இருப்பதால் படிக்காமல் விடுவது மருந்தாகாது. பல வகையும் படிக்கிறவனுக்கு எது பதர், எது நெல் என்பது தானாகத் தெரியும். ஒன்றையே படிக்கிறவனுக்குத்தான் தெரியாது.

அடுத்த வீட்டுக் கதை

இனி, மற்ற மொழிகளுக்கு வருகிறேன். இந்த ஊரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தும் ஒரு கன்னடக் கதைகூடத் தெரியாத தமிழர்கள் நம்மில் ஏராளம். கன்னடப் படம் தெரியும், நடிகர் பெயர் தெரியும், அதோடு சரி.

கன்னடத்தில் திரிவேணி என்ற எழுத்தாளர் இருந்தார். 1963-ல், 35 வயது நிறைவதற்குள்ளேயே காலமானார். அவருடைய 'சரபஞ்சரா' 1971-ல் புட்டண்ணா கனகால் இயக்கத்தில் படமாக வந்தது. பிரசவத்துக்குப் பிறகு மனநோய்க்கு ஆளாகி, சிகிச்சை பெற்றுக் குணமாகி வீடு திரும்பும் ஒரு பெண்ணைக் குடும்பமே சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது. அதுதான் கதை. இந்தக் கொடுமை நம் வீடுகளில் இல்லையா? துப்பறியும் கதை வேண்டுமென்றால் என்.நரசிம்மய்யாவின் 'பத்தேதார புருஷோத்தமா' இருக்கிறது. நாம் சங்கர்லாலைப் படித்து வளர்ந்தது போல அவர்கள் புருஷோத்தமனைப் படித்து வளர்ந்திருக்கிறார்கள்.

1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினையின்போது இந்த நகரில் நாம் பட்டது மறக்கக் கூடியதல்ல. அந்த நாட்களிலும் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பம் கதவைத் திறந்து உள்ளே அழைத்துக் கொண்ட கதைகள் நம் பேட்டைகளில் உண்டு. செய்தியை மட்டும் படித்தால் அண்டை வீட்டான் ஒரு கூட்டமாகத்தான் தெரிவான். கதையைப் படித்தால் அவன் வீட்டுக் கடன், மகள் கல்யாணம், மாமியார் சண்டை எல்லாம் தெரியும். அவனும் நம்மைப் போன்றவன்தான் என்பது அப்போது புரியும். 2009 ஆகஸ்டில், பல ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை அல்சூரில் திறக்கப்பட்டது. சென்னையில் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் மாறி நின்றுவிட்டன. கதைகள் மாற வேண்டாமா?

மாறிய உதாரணங்களும் உண்டு. 2025-ல் மறைந்த எஸ்.எல்.பைரப்பாவின் 'பர்வ' நாவலைப் 'பருவம்' என்று தமிழில் தந்து சாகித்திய அகாடமியின் மொழிபெயர்ப்பு விருது பெற்ற பாவண்ணன், கர்நாடகத்தில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த தமிழர். புஷ்பநாத்தும் எண்டமூரியும் தமிழில் கிடைக்கிறார்கள். 2008-ல் சென்னைப் பதிப்பகம் ஒன்று தமிழ் மாத நாவல் எழுத்தாளர்களின் கதைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆனால் சுரேந்தர் மோகன் பாடக்கையோ நரசிம்மய்யாவையோ தமிழில் கேட்டால் கடைக்காரர் கையை விரிக்கிறார். பதிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் இன்று பிஸ்கட், தண்ணீர் பாட்டில், செல்போன் ஒயர் ஆகியவைதான் முன்னால் நிற்கின்றன. புத்தகம் பின்னால் ஒதுங்கிவிட்டது. கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கேட்கிறவன் இருந்தால்தான் விற்கிறவன் வைப்பான். ஆகவே முதலில் கேளுங்கள். மாதம் ஒரு கதைப் புத்தகம் என்று ஒவ்வொரு குடும்பமும் வைத்துக் கொண்டால் அது ஒரு வேளை ஓட்டல் சிற்றுண்டிச் செலவைத் தாண்டாது.

1950-ல் தொடங்கப்பட்ட பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. அல்சூர் வரை போக முடியாதவர்களுக்காக, அந்தந்தப் பேட்டை மன்றங்களும் தொழிற்சங்க அலுவலகங்களும் ஒரே ஒரு அலமாரி வைத்தால் போதும். படித்த நாவலை எடைக்குப் போடாமல் அங்கே கொடுங்கள். அந்த அலமாரியில் ஒரு தட்டு கன்னடத்துக்கும், ஒரு தட்டு மொழிபெயர்ப்புக்கும் இருக்கட்டும். கன்னட எழுத்துப் பழக விரும்புகிறவர்களுக்கு, விறுவிறுப்பான கன்னட நாவலைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பிள்ளைகள் ஆங்கிலத்தில் சேத்தன் பகத்தோ அமிஷோ படித்தால் திட்டாதீர்கள். சேத்தன் பகத்தின் முதல் நாவல் 2004-ல் 95 ரூபாய் விலையில் வந்து, ஆங்கிலக் கதை பக்கமே போகாத பலரைப் படிக்க வைத்தது. அதைப் படிக்கிற பிள்ளைக்கு இரவில் இரண்டே பக்கம் தமிழ்க் கதையை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சஸ்பென்ஸ் வரும் இடத்தில் நிறுத்திவிட்டுப் படுக்கப் போய்விடுங்கள். மறுநாள் அந்தப் பிள்ளை தானே புத்தகத்தைத் தேடி எடுக்கும். எழுத்துக்கூட்டியாவது படிக்கப் பார்க்கும்.

கதைப் புத்தகம் சோறு போடாது, வாடகையும் கட்டாது. ஆனால் பிழைக்க வந்த ஊரில் நம் மொழியை நம் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டுப் போகவும், அந்த ஊர்க்காரரின் மனதை நாம் தெரிந்து கொள்ளவும் இவ்வளவு குறைந்த செலவில் வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பேட்டை மன்றத்தினரும் தொழிற்சங்க நண்பர்களும் அந்த ஒரு அலமாரிக்கு இடம் ஒதுக்குவார்களா?