மசோதா போன வழி தெரிய வேண்டும்

நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரும் இரண்டு மசோதாக்களைத் தமிழ்நாடு சட்டப்பேரவை 2017 பிப்ரவரி 1 அன்று நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காக அவை டெல்லிக்குச் சென்றன. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுக்கப்பட்டுத் திரும்பியும் விட்டன. இது பொதுமக்களுக்குத் தெரியவந்தது 2019 ஜூலையில், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கில் மத்திய அரசு வாய் திறந்த பிறகுதான். அதற்குள் 2018, 2019 ஆகிய இரு ஆண்டுகளின் நீட் தேர்வுகள் முடிந்துவிட்டன. மசோதா இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று நம்பிய குடும்பங்கள் எத்தனையோ! யார் மறைத்தது என்று அப்போது கட்சிகள் மோதிக்கொண்டன. அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. ஒரு மாநில மசோதா இன்று எங்கே நிற்கிறது, எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்பதை எவரும் இணையத்தில் பார்க்க முடிந்திருந்தால், மறைக்க என்ன மிஞ்சியிருக்கும்?

மாநிலச் சட்டம் ஒன்றின் வரலாற்றை இணையத்தில் தேடுகிறவருக்குத் தொடக்கமும் முடிவும் கிடைக்கும். நடுவில் நடந்தது கிடைப்பது அரிது. 2023-இல் வந்த தொழிற்சாலைகள் (தமிழ்நாடு திருத்த) மசோதாவை எடுத்துக்கொள்வோம். அது சேர்க்க நினைத்த 65ஏ என்ற ஒரே பிரிவு, வேலை நேரம், வார விடுமுறை, இடைவேளை, மிகைநேர ஊதியம் பற்றிய விதிகளிலிருந்து எந்தத் தொழிற்சாலைக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. மசோதாவின் கடைசியில் அச்சாகும் நோக்கக் காரண விளக்கவுரை, நெகிழ்வான வேலை நேரம் வேண்டுமென்று தொழில் துறையினரிடமிருந்து கோரிக்கைகள் வந்ததாகச் சொல்கிறது. எந்தச் சங்கங்கள் கேட்டன, எழுத்தில் என்ன கேட்டன, தொழிற்சங்கங்களின் கருத்து பெறப்பட்டதா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஏப்ரல் 21 அன்று, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்த நிலையில், குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. குரல் வாக்கெடுப்பில் யார் எப்படி வாக்களித்தார்கள் என்ற பெயர்ப் பட்டியல் கிடையாது. மூன்று நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று, திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். இந்த வரிசையை ஒருவர் இன்று தொகுக்க வேண்டுமானால் செய்தித்தாள்களைத்தான் புரட்ட வேண்டும். அவையின் சொந்த முடிவு எப்படி உருவாகி எப்படிக் கலைந்தது என்பதற்குப் பத்திரிகைக் கோப்பு ஒன்றே ஆதாரம் என்பது அவைக்குப் பெருமை தருவதில்லை.

ஆவணங்கள் இணையத்தில் இருந்தாலும் அவற்றின் வடிவம் தேடுகிறவரை விரட்டுகிறது. பக்கங்களைப் படமெடுத்து ஏற்றிய கோப்பில் ‘தொழிற்சாலை’ என்று தேடினால் ஒன்றும் வராது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவற்றில் தமிழ்ச் சொற்கள் கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகளாகவே தெரியும். யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழில் பேசி, தமிழில் சட்டம் இயற்றும் அவையின் பதிவுகளைத் தமிழில் தேட முடியாமல் இருப்பதை இனியும் தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லி ஒதுக்க முடியாது.

சட்டத்தின் வாசகம்தானே சட்டம், பேச்சும் விவாதமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நீதிமன்றங்கள் அப்படி நினைக்கவில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970-ஆம் ஆண்டின் அறநிலையத் துறைச் சட்டத் திருத்தத்தை எதிர்த்து வந்த சேஷம்மாள் வழக்கில், உச்ச நீதிமன்றம் 1972-இல் அந்தத் திருத்தத்தின் நோக்கக் காரண விளக்கவுரையை எடுத்து வாசித்தது. தீண்டாமை பற்றி ஆராய்ந்து 1969-இல் அறிக்கை தந்த இளையபெருமாள் குழுவின் பரிந்துரையிலிருந்து அந்தத் திருத்தம் பிறந்தது என்பது அதில் பதிவாகியிருந்தது. திருத்தம் நிலைத்தது. மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சரின் பேச்சை, சட்டம் எந்தக் கேட்டைக் களைய வந்தது என்று அறியப் பயன்படுத்தலாம் என்று 1981-இல் கே.பி. வர்கீஸ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் நூலகம் போய்ப் புரட்டக்கூடிய இந்த ஆதாரம், அதே சட்டத்தால் வேலை நேரம் மாறும் தொழிலாளிக்கும் நிலம் போகும் விவசாயிக்கும் எட்டாக்கனியாக இருப்பது நியாயமில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. மாநில அவைகளில் ஏறக்குறைய பாதி மசோதாக்கள் அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறிவிடுகின்றன என்று பிஆர்எஸ் ஆய்வு அமைப்பின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. குழுவுக்கு அனுப்பப்படாத, விவாதிக்கப்படாத மசோதாவுக்கு வரலாறு என்று பதிவுசெய்ய என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியில் உண்மை உண்டு. ஆனால் வெறுமையும் பதிவாக வேண்டும். அறிமுகத் தேதி, நிறைவேறிய தேதி, விவாதம் நடந்த நிமிடங்கள், முன்மொழியப்பட்ட திருத்தங்கள் ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் வைத்தால், ஒரு நாளில் முடிந்த சட்டம் எது, உழைத்துச் செதுக்கிய சட்டம் எது என்று வாக்காளருக்கே தெரிந்துவிடும். அந்தப் பார்வை தங்கள்மேல் விழும் என்று தெரிந்தால், இறுதி நாளில் மசோதாக்களைக் கட்டாகக் கொண்டுவந்து நிறைவேற்ற அமைச்சர்கள் தயங்குவார்கள் என்றே நான் நம்புகிறேன்.

மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவதில் ஆளுநர் தாமதிக்கும் விவகாரத்தில்தான் இந்தத் தேவை மிகக் கூர்மையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் தொடர்பாக 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அளித்த தீர்ப்பு, ஆளுநருக்குக் காலக்கெடு விதித்தது. அந்த மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. அவற்றுள் சில 2020-இலேயே நிறைவேறியவை. எந்த மசோதா ஆளுநர் மாளிகைக்கு எப்போது போனது என்ற பட்டியல், மாநில அரசு வழக்குத் தொடுத்ததால்தான் முழுமையாக வெளியே வந்தது. பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, கருதப்பட்ட ஒப்புதல் என்பதும் கிடையாது என்று 2025 நவம்பர் 20 அன்று கருத்துரைத்தது. காரணமே சொல்லாத நீண்ட தாமதத்தில் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றது. கெடு இல்லையென்று ஆகிவிட்டால், தாமதத்தைக் காட்டக் குடிமக்களிடம் மிஞ்சியிருப்பவை தேதிகள் மட்டுமே. தாமதம் நீண்டதா, அதற்குக் காரணம் சொல்லப்பட்டதா என்பதை நிறுவ வேறு வழியில்லை.

ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான கடிதங்கள் இரகசியமானவை என்று சொல்லலாம். கடிதங்களைக் கேட்கவில்லை, போன நாள், வந்த நாள் போதும். ஆளுநர் ஒரு மசோதாவைத் திருப்பி அனுப்பும்போது அவைக்கு எழுதும் செய்தியோ, அரசமைப்பின் 200-ஆவது பிரிவின்படி அவை முழுவதற்கும் உரியது. செலவும் பெரிய தடையில்லை, முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2016-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற 54-ஆவது முன்மொழிவு, மசோதாவின் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்பே இணையத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பொது அமர்வுகளின் காணொளி 24 மணி நேரத்துக்குள் ஏற்றப்பட்டு 20 ஆண்டுகளாவது கிடைக்க வேண்டும் என்கிறது. அங்கே ஒரு மசோதாவின் எண்ணைத் தட்டினால் அதன் ஒவ்வொரு வடிவமும், உறுப்பினர் வாரியான வாக்கும் திரையில் வருகின்றன. நம் பேரவைச் செயலகம் இப்போதே ஒவ்வொரு மசோதாவுக்கும் எண் கொடுக்கிறது, பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்கிறது. அந்த எண்ணின் கீழ் இவையனைத்தையும் சேர்க்கப் புதிய சட்டம் தேவையில்லை. தன் நடைமுறை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை 208-ஆவது பிரிவு பேரவைக்குத் தந்திருக்கிறது. விதிகள் குழு கூடி ஒரு திருத்தத்தை முன்வைத்தால் அடுத்த கூட்டத்தொடரிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.