டயரின் உள்பக்கத்தைப் பார்க்காமல் விட்டோம்

ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் காரை இறக்கி ஓட்டுவதைப் பெருமையாக நினைக்கப் பழகிவிட்டோம். ஸ்பிரிங் மாற்றுகிறோம், காசு போதாவிட்டால் இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை வெட்டி எடுக்கிறோம். தரையோடு படிந்து நிற்கும் வண்டியைப் போட்டோ எடுக்கிறோம். வீல் அலைன்மென்ட் பார்க்க மட்டும் நமக்கு நேரம் வாய்ப்பதில்லை. ஓட்டுகிற பிள்ளைகள், பணம் கொடுக்கிற பெரியவர்கள், வெட்டிக் கொடுக்கிற பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

கார் இறங்கினால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் சாய்வு மாறுகிறது. சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறது. இதுதான் கேம்பர். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வும் மாறுவதால் முன்சக்கரங்கள் நேராக நிற்காமல் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன. இது டோ. டயரைச் சீக்கிரம் தின்பது டோதான். ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி நின்றாலே கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9 மீட்டர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும். இங்கிருந்து திருச்செந்தூர் போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் கால் கிலோமீட்டர் அளவுக்குத் தார்ச்சாலையில் தேய்க்கப்பட்டிருக்கும்.

இந்தத் தேய்வு உள்விளிம்பில் நடப்பதால், வெளியே நின்று பார்த்தால் டயரின் பட்டன், அதாவது தரையில் படியும் வரிகள், நன்றாகத்தான் இருக்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உள்விளிம்பைத் தடவினால்தான் உண்மை தெரியும்: ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பப் பல்போல வெட்டு. சில வண்டிகளில் கம்பியே தெரிகிறது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது விதி. நாம் அளந்ததில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் இந்தப் பகுதிச் சாலைகளை அரித்துப் போட்ட பிறகு, பள்ளங்களில் மாதக்கணக்கில் இடித்துக்கொண்டே ஓட்டினோம். அப்போதும் பார்க்கவில்லை.

தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அபராதத்துக்கு அஞ்சிய அளவுக்கு விபத்துக்கு நாம் அஞ்சவில்லை.

தைப்பூசத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திருச்செந்தூர்ச் சாலையோரம் பச்சை வேட்டியும் காவடியுமாக, கைக்குழந்தையோடுகூட, மக்கள் இரவெல்லாம் முருகனைப் பார்க்க நடந்து போகிறார்கள். உள்விளிம்பு தேய்ந்த டயர் வேகத்தில் வெடித்தால் வண்டி அவர்கள் மேல்தான் பாயும். மழைத் தண்ணீரில் பிரேக் அடித்தாலும் அதே ஆபத்துதான். டயர் போனால் சில ஆயிரம் ரூபாயோடு முடியும். அவர்களுக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

இனியாவது செய்வோம். ஸ்பிரிங் மாற்றியவுடன் ஒரு முறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி அது படிந்த பிறகு இன்னொரு முறை அலைன்மென்ட் பார்ப்போம். மெஷின் தரும் சீட்டைக் கேட்டு வாங்குவோம். பல சிறிய கார்களில் பின்சக்கரக் கோணத்தைத் திருத்தவே முடியாது. முன்னால் டோவை மட்டும்தான் சரிசெய்யலாம். சீட்டில் அளவுகள் வரம்புக்குள் வராவிட்டால் பழைய ஸ்பிரிங்கையே மாட்டிவிடுவோம். வெட்டிய ஸ்பிரிங்கை இன்றே கழற்றுவோம்.