அழிதலும் அழித்தலும்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் இளமையிலேயே கற்குஞ் சொற்களுள் 'டிஸ்ட்ராய்' என்பது ஒன்று. அதற்கு 'அழி' எனப் பொருளெழுதி அப்பாற் செல்வது வழக்கம். ஆயின் அவ்விரண்டும் முற்றும் ஒத்தன அல்ல.

கட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடி யொன்றிலிருந்து பிறந்தது அவ்வாங்கிலச் சொல்; கட்டியதைக் குலைத்தலே அதன் முதற்பொருள். நம் 'அழி'யோ அதனினும் பரந்தது. கரும்பலகையில் எழுதியதையும் அழிக்கின்றோம், ஊரையும் அழிக்கின்றோம். ஆங்கிலேயர் முன்னதற்கு அச்சொல்லை வழங்கார்.

மற்றொரு வேற்றுமை இதனினும் பெரிது. தமிழில் 'அழிந்தது' எனத் தன்வினையும், 'அழித்தான்' எனப் பிறவினையும் உண்டு. ஆங்கிலச் சொற்குத் தன்வினை இல்லை. செயப்பாட்டுவினையாய் வருமிடத்தும் அழித்தவன் ஒருவன் உளன் என்பது தொக்கு நிற்கும்.

இஃது இலக்கண நூலளவில் நிற்பதன்று. கல்வராயன் மலையிற் காவலர் சாராய ஊறலை அழித்தனர் எனச் செய்தித்தாள்கள் பலகாலும் எழுதியுள்ளன. அங்கே அழித்தவர் யாரென்பது தெளிவு. அம்மலைக்குக் கிழக்கேயுள்ள கள்ளக்குறிச்சியிற் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மெத்தனால் கலந்த சாராயத்தைப் பருகி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலினுள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணொளியைக் கெடுத்து உயிரையும் போக்குவது. இத்துணைக் கொடுமை நிகழ்ந்தும், 'குடியாற் குடும்பங்கள் அழிந்தன' என்று தன்வினையிற் கூறி அமைகின்றோம். குடித்தவன் தானே கெட்டான் எனக் கைகழுவுதற்கு அது வழியாகின்றது. குடிப்பவர்க்குப் பொறுப்பில்லை என்பது எம் கருத்தன்று. ஆயினும் மெத்தனால் தானாக அத்தெருவிற்கு வந்திலது. கொணர்ந்தவரும் கலந்தவரும் விற்றவரும் உளர்.

1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் 2024-இல் திருத்தப்பெற்றது. கள்ளச்சாராயத்தால் உயிர் போகுமாயின், அதனைக் காய்ச்சி விற்றவர்க்கு ஆயுட்கடுஞ்சிறை என்பது அத்திருத்தம். சட்டம் பிறவினையிற் பேசுகின்றது. நாமும் அங்ஙனமே பேசுதல் வேண்டும்.

கல்வி புகட்டுதலைக் குறிக்கும் 'இன்ஸ்ட்ரக்ட்' என்னுஞ் சொல்லும் மேற்கூறிய இலத்தீன் அடியிலிருந்தே பிறந்தது. கற்பித்தலும் ஒருவகைக் கட்டுதலே போலும். அங்ஙனங் கட்டப்பெற்றுக் கல்லூரி விட்டேகும் மாணவர், ஒரு குடி அழிந்ததெனக் கேட்டவிடத்து, 'அழித்தவர் யார்?' என வினவும் துணிவுடையராதல் வேண்டுமென விழைகின்றோம்.