செய்ய வேண்டியதும் வாங்க வேண்டியதும்

பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் மும்பைச் சாலைகளிலிருந்து விடைபெற்றன. அத்தகைய வண்டிகளுக்குக் கிளட்ச் மாற்றிவந்த மெக்கானிக்குகளின் கைக்கருவிகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடக் கூடாது என்பது என் கருத்து.

கிளட்ச் பிளேட் சரியாக நடுவில் அமராவிட்டால் கியர் பாக்ஸ் தண்டு உள்ளே நுழையாது. அதை நடுவில் நிறுத்தக் கடையில் கருவி கிடைக்கிறது. அதே வண்டியின் கழித்துப்போட்ட தண்டு ஒன்றும் அந்த வேலையைச் செய்யும். அதே மரையுள்ள நீள போல்ட்டுகள் இரண்டின் தலையை வெட்டி எஞ்சினில் திருகினால், கியர் பாக்ஸ் அவற்றின்மேல் நேராக வழுக்கி வந்து சேரும். அதன் பாரம் பிளேட்டில் தொங்கி அதை வளைக்காது. இது சிக்கனம் மட்டுமல்ல, வேலை புரிந்தவனின் அடையாளம்.

ஆனால், வண்டிக்கு அடியில் செங்கல் அடுக்குவதையும் கைத்திறன் என்று மெச்ச வேண்டாம். கருவி பழுதானால் வேறு செய்துகொள்ளலாம். கல் நொறுங்கினால் அடியில் கிடப்பது ஒரு வீட்டுப் பிள்ளை. பட்டறை நடத்தும் நம்மவர்களே, மற்றதைக் கையால் செய்யுங்கள். வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளைக் காசு கொடுத்தே வாங்குங்கள்.