ஆளுக்கு ஒரு பர்சன்ட்!

கம்பெனி பங்கு வெளியிட்டால் பாலன்ஸ் ஷீட் காட்டணும் என்று பி.காமில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மனுஷனே பங்கு வெளியிட்டால்?

அமெரிக்காவில் கோடைதோறும் இது நடக்கிறது. லாஸ் வேகாஸில் 1970ல் தொடங்கிய உலகப் போக்கர் தொடர் என்ற சீட்டாட்டத் திருவிழாவில், முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணமே 10,000 டாலர். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? ஊரிலிருந்து கிளம்புமுன் ஆட்டக்காரர் தன்னையே கூறு போட்டு விற்கிறார். ஒரு சதவீதம் 100 டாலர். ஜெயித்தால் பரிசில் ஒரு சதவீதம் உங்களுக்கு; தோற்றால் ஒரு 'ஸாரி'!

கொஞ்சம் பேர் வாங்கிய ஆட்டக்காரர் என்றால் பிரீமியம் உண்டு. 100 டாலர் பங்கை 125க்கு விற்கிறார் என்று வையுங்கள். 80 பங்கு போனாலே முழுக் கட்டணமும் வசூல். மிச்சம் 20 சதவீதம் அவருக்குச் சும்மா! தோற்றாலும் நுழைவுக் கட்டணத்தில் ஐயாவுக்குக் காலணா நஷ்டமில்லை.

ஆகவே, வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "நல்லா ஆடுவீங்களா?" அல்ல. "இதுல உங்க காசு எவ்வளவு சார்?"

அடுத்தது, எழுத்து. 2006ல் ஜேமி கோல்டு 1 கோடியே 20 லட்சம் டாலர் ஜெயித்தார். 'பாதி எனக்குன்னு வாய்வார்த்தை' என்று ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 2007ல்தான் சமரசம்.

தோற்றவனிடம் யாரும் பங்கு கேட்டு வருவதில்லை. சண்டையெல்லாம் ஜெயித்த பிறகுதான். அதனால, சீட்டைக் கலைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிடுங்க. நூறு டாலர் போனால் போகட்டும். சிநேகிதன் போகக்கூடாது, பாருங்க!